டிரைவரம்மா கற்ற ஒரே எழுத்து

டிரைவரம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது தன் பையன் மேல்தான். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பழியைத் தூக்கி அந்த ஜப்பான்காரம்மாள் தலையில் போட்டுவிடுவீர்கள்.

அவள் டவுன் பஸ் ஓட்டுகிறவள். தெருவில் எல்லோருக்கும் அவள் டிரைவரம்மாதான். கட்டின புருஷனே மனஸ்தாபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார். அவர் தச்சர், வாய் திறந்து பேசுவது அபூர்வம். அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் இவளே பேசிவிடுவாள். ஒரே பையன், வெளியூரில் கம்பெனி வேலை. போனில் அழைத்தால் ‘சாப்பிட்டேன், தூங்கப் போறேன்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அப்படிப்பட்டவன் ஒருநாள் தானாகவே அழைத்துச் சிரித்துச் சிரித்துப் பேசினான். என்னடா அதிசயம் என்று பார்த்தால், கூட வேலை பார்க்கும் ஜப்பான் பெண் ஒருத்தியை விரும்புகிறானாம். அவளும் இவனை விரும்புகிறாளாம்.

ஒருமுறை அவளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினான். பெண்ணுக்குத் தமிழ் வந்தது. இவன் சொல்லிக்கொடுத்த தமிழ். எவரையும் ஒருமையில் பேசி மரியாதைக் குறைவாகிவிடக் கூடாது என்று பயந்து கற்ற தமிழ் போலிருக்கிறது, வாசலுக்கு வந்த பூனையைப் பார்த்து, “வாங்க, உள்ள வாங்க” என்றது. டிரைவரம்மா அங்கேயே அவுட். கிளம்பும்போது அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, “எப்ப கல்யாணம் வெச்சுக்கலாம் கண்ணு?” என்று கேட்டேவிட்டாள்.

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். “எங்கப்பா இல்லை அத்தை. அம்மா தனியா என்னை வளர்த்தாங்க. அவங்க முழு மனசோட சரின்னு சொல்லணும். சொல்லலைன்னா நான் பண்ணிக்க மாட்டேன்.”

சிக்கல் அவ்வளவுதான், ஆனால் சின்னச் சிக்கல் இல்லை. அந்த அம்மாள் ஜப்பானில் ஒரு போஸ்ட் ஆபீஸ் கவுண்ட்டரில் காலமெல்லாம் உட்கார்ந்தவள். அவளுக்குத் தமிழும் தெரியாது, தன் பாஷையைத் தவிர வேறு எந்தப் பாஷையும் தெரியாது. டிரைவரம்மா மனசுக்குள் அவளுக்குத் தபாலம்மா என்று பெயர் வைத்தாள். பையன் நடுவில் உட்கார்ந்து வீடியோ கால் போட்டுக் கொடுத்தான். டிரைவரம்மா விட்டாள் பாருங்கள் ஒரு பேச்சு! உங்கள் பெண் என் பெண் மாதிரி, இந்த வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் வராது, வந்தால் என்னைக் கேளுங்கள், என் மகன் முன்கோபி ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டான் என்று மூச்சு விடாமல் பேசி முடித்தாள். பையன் திரும்பிப் போனைப் பார்த்து ஜப்பான் பாஷையில் ஏதோ ரெண்டே வார்த்தை சொன்னான். அந்தப் பக்கம் தபாலம்மா மெல்லத் தலையசைத்தாள்.

“என்னடா சொன்னே?”

“நீ சந்தோஷப்படறேன்னு சொன்னேன்மா.”

“நான் இவ்வளவு பேசினேன், அவ்வளவுதானா?”

“சாரம் அதான்மா.”

“சாரத்தை நீ குடிச்சிட்டுச் சக்கையை அவங்களுக்குக் குடுத்திருக்கே! உன்னை நம்பினா என் வீட்ல கல்யாணம் நடக்காது!”

அப்புறம்தான் அவள் அந்த முடிவுக்கு வந்தாள். தபாலம்மா நேரில் வரப்போகிறாள். வரும்போது தானே பேசிவிட வேண்டும், நடுவில் எவனும் வேண்டாம். பெண்ணுக்குப் போன் போட்டாள். பெண் பதறிவிட்டாள்.

“அத்தை, ஜப்பான் எழுத்து ஆயிரக்கணக்குல இருக்கு!”

“ஆயிரம் யாரு கேட்டா? எனக்கு ஒண்ணு போதும். என் வேலைக்கு அங்க என்ன பேரு?”

“உன்டென்ஷு. பஸ் ஓட்டறவங்க எல்லாரும் உன்டென்ஷு. அதுல கடைசி எழுத்துக்குக் ‘கை’ன்னு அர்த்தம்.”

“அப்ப அதைக் குடு. அது யார் யார் வீட்டுக்குப் போய் வருதோ, அந்த வார்த்தையெல்லாம் குடு.”

பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கேட்டதைக் கொடுத்தாள். எழுத்தைப் பெரிதாகப் படம் போட்டு அனுப்பினாள், வார்த்தைகளைத் தன் குரலில் பேசி அனுப்பினாள். கையும் காகிதமும் சேர்ந்தால் டெகாமி, கடிதம். டெட்சுதாய் என்றால் உதவி. மேலே என்ற எழுத்தோடு கை சேர்ந்தால் ஜோஸு, அபார கெட்டிக்காரத்தனம். கீழே என்ற எழுத்தோடு சேர்ந்தால் ஹெட்டா, சுத்தமாக வரவில்லை என்று அர்த்தம். வெட்டு என்ற எழுத்தோடு சேர்ந்தால் கிட்டெ, தபால்தலை. “கையை வெட்டினா ஸ்டாம்பா? என்ன கொடுமைடி இது!” என்று டிரைவரம்மா அலறினாள். மற்றதெல்லாம் அவளுக்கு நியாயமாகவே பட்டது. நாமும்தானே கைதேர்ந்தவன் என்கிறோம், கைவரவில்லை என்கிறோம்.

எழுத்துக்கு நாலே கோடு. மேலே சாய்ந்த சின்னக் கோடு, அதன் கீழே படுக்கையாக ரெண்டு கோடு, நடுவே மேலிருந்து கீழே இறங்கி அடியில் இடது பக்கம் கொக்கி போட்டு நிற்கும் நெடுங்கோடு. எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று பெண்ணுக்குத் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று இவளுக்கும் தோன்றவில்லை. படத்தைப் பார்த்ததும் அவள் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு ரோடு. அடியில் இருக்கும் கொக்கி டிப்போ வளைவு. அங்கிருந்து வண்டியை எடுத்தால் நேராக மேலே போக வேண்டியது, வழியில் மூன்று ஸ்பீட்பிரேக்கர். ரோட்டைப் போட்டுவிட்டுத்தானே ஸ்பீட்பிரேக்கர் போடுவார்கள்? டெர்மினஸில் வண்டி நிற்கும் நேரமெல்லாம் பஸ்ஸின் தூசி படிந்த பக்கத்தகட்டில் விரலால் கீழிருந்து மேலாக ரோட்டை இழுத்தாள், குறுக்கே தடைகளைப் போட்டாள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, “என்னக்கா, வண்டிக்குச் சூனியம் வெக்கறீங்களா?” என்றார்.

வீட்டிலும் அதே பாடுதான். மாடியில் குடியிருக்கும் நாத்தனார், தச்சரின் தங்கை, தையல் கடை வைத்திருப்பவள், தினமும் வந்து வேடிக்கை பார்த்தாள். “ஒரே எழுத்தை வெச்சுக்கிட்டு என்ன அண்ணி பண்ணப் போறீங்க? அவங்க ஏதாவது பேசினா முழிச்சுக்கிட்டு நிக்கப் போறீங்க” என்றாள்.

“நீ உன் வேலையைப் பாரும்மா. எனக்கு வேண்டியது ‘சரி’ங்கற ஒரு பதில். அதை என் காதால கேட்டுக்கறேன்.”

அந்த நாளும் வந்தது. தபாலம்மா சின்ன உருவம். காதோடு வெட்டிய நரைமுடி. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். முதுகு சாய்மானத்தைத் தொடவே இல்லை. டிரைவரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் எதிரே போய் நின்று, நெஞ்சைத் தொட்டு, கணீரென்று சொன்னாள்: “வதஷி, உன்டென்ஷு.” நான் டிரைவர்.

தபாலம்மாவின் கண்கள் விரிந்தன. “ஜோஸு!” என்றாள், இரண்டு கைகளையும் சேர்த்து.

அடடா, டிரைவரம்மா வானத்தில் மிதந்தாள். பையனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நாத்தனாரை இன்னொரு பார்வை பார்த்தாள். சாப்பாடு வைத்தாள், தபாலம்மா ஒரு வாய் சாப்பிட்டு “ஜோஸு” என்றாள். தச்சர் செய்த நாற்காலியைத் தடவிப் பார்த்து “ஜோஸு” என்றாள். மனிதர் வெட்கத்தில் காது சிவந்து பட்டறைப் பக்கம் போய்விட்டார். ஜன்னலோரத்துத் தொட்டிச் செடிக்கும் ஒரு ஜோஸு. டிரைவரம்மாவுக்குப் பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது போலவே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் நாத்தனார் இறங்கி வந்தாள். வந்தவள் சும்மா இருக்கலாம் அல்லவா? விருந்தாளிக்கு ஒரு பாட்டுப் பாடுகிறேன் என்று ஆரம்பித்தாள். அவள் பாட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லக் கூடாது, நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டும். பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த இழைப்புளி நின்றது என்பதை மட்டும் சொல்கிறேன். எப்படியோ பாடி முடித்தாள். தபாலம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளைச் சேர்த்து, அதே முகத்தோடு, அதே குரலில் சொன்னாள்: “ஜோஸு!”

டிரைவரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. இந்தப் பாட்டே ஜோஸு என்றால் நேற்று எனக்குச் சொன்ன ஜோஸுவுக்கு என்ன மதிப்பு? சாப்பாட்டுக்கும் நாற்காலிக்கும் செடிக்கும் சொன்னதெல்லாம் இதே கணக்கில்தானா? அவள் பெண்ணின் பக்கம் திரும்பினாள். பெண்ணின் முகம் வாடிக் கிடந்தது. வந்ததிலிருந்தே அப்படித்தான் கிடக்கிறது, இவள்தான் சந்தோஷ மயக்கத்தில் கவனிக்கவில்லை.

பையன் அன்றைக்கே பேச்சை எடுத்தான். தபாலம்மா நிதானமாக ஒரு வாக்கியம் சொன்னாள். பெண் சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

“என்னடா சொன்னாங்க? இந்தத் தடவை ஒரு எழுத்து விடாம சொல்லணும்.”

“யோசிச்சுப் பார்க்கறேன்னு சொல்றாங்கம்மா.”

“நல்லதுதானே?”

பையன் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினான். டிரைவரம்மா சமையலறைக்குப் போனாள். பெண் சிங்க்கில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதுகொண்டிருந்தாள். “அத்தை, எங்கம்மா ‘யோசிக்கறேன்’னு சொன்னா வேண்டாம்னு அர்த்தம். முகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. நாளைக்கு ராத்திரி பிளைட். போனதும் முடிஞ்சுது.”

டிரைவரம்மாவுக்கு வழி தெரியவில்லை. ஏதாவது கோபமா, குறையா என்றால் வாய்ச்சண்டை போட்டாவது சரிக்கட்டலாம். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துகிறவளிடம் என்ன செய்வது? அந்தப் பெண் குழாயை மூடிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மன்னிச்சுக்கங்க அத்தை” என்றாள். அதுதான் டிரைவரம்மாவால் தாங்க முடியவில்லை. தப்பே செய்யாத பிள்ளை மன்னிப்புக் கேட்கிறது.

மறுநாள் காலை டிரைவரம்மாவுக்கு டூட்டி இருந்தது. காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினவள், என்ன நினைத்தாளோ, தபாலம்மாவின் முன்னால் போய் நின்றாள். தன்னைக் காட்டி “உன்டென்ஷு” என்றாள். தபாலம்மாவைக் காட்டி, வாசலைக் காட்டி, “வாங்க சம்பந்தி, பஸ்ல ஒரு சுத்து போயிட்டு வரலாம்” என்றாள்.

பையன் பாய்ந்து வந்தான். “அம்மா, என்னம்மா இது, அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்.”

“நீ பேசினது போதும்டா ராஜா. நீ வீட்ல இரு.”

தபாலம்மா மறுக்கிற ஆள் இல்லையே. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பெண்ணும் பின்னாலேயே ஓடி வந்தாள்.

இருவரும் டிரைவர் சீட்டுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். வண்டி டிப்போவை விட்டுக் கிளம்பியது. பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், ஒரு கை கம்பியிலும் ஒரு கை போனிலுமாகத் தொங்குகிறவர்கள், எல்லோரும் ஏறி இறங்கினார்கள். மார்க்கெட் தெரு முனையில் எவனோ காரை வளைவிலேயே நிறுத்திவிட்டுப் போயிருந்தான். டிரைவரம்மா வாய்க்கு வந்தபடி அவனுக்கு அர்ச்சனை செய்துகொண்டே இடது கண்ணாடியைப் பார்த்தாள், வலது கண்ணாடியைப் பார்த்தாள், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, இவ்வளவு பெரிய வண்டியைக் காருக்கும் கடைப் படிக்கும் நடுவே உரசாமல் நுழைத்து எடுத்தாள். கண்ணாடியில் தபாலம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மாள் முன் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டெர்மினஸ் வந்தது. ஜனங்கள் இறங்கினார்கள். கண்டக்டர் டைம் ஆபீஸில் நேரம் பதியப் போனார். பெண் டீ வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று கடைக்குப் போனாள். பஸ்ஸின் பக்கத்தில் நிழலில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். தபாலம்மா ஸ்டியரிங் பிடிப்பது போல் கையை வைத்துக் காட்டி, அந்தச் சிரிப்பைச் சிரித்து, “ஜோஸு” என்றாள்.

டிரைவரம்மாவுக்குத் தாங்கவில்லை.

“போதும் சம்பந்தி! ஜோஸு வேணாம்! ராத்திரியெல்லாம் உங்க பொண்ணு அழுதா, தெரியுமா? என் பையன் அடுத்த ரூம்ல சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தான். உங்களுக்கு எங்களைப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். இந்த ஜோஸு மட்டும் வேணாம். நான் உங்க எழுத்தையே கத்துக்கிட்டேன், பாருங்க!”

பாருங்க என்று சொன்ன வேகத்தில் திரும்பி, தூசி படிந்த தகட்டில் விரலை வைத்தாள். டிப்போ வளைவிலிருந்து கிளம்பி சர்ரென்று மேலே இழுத்தாள். குறுக்கே ஒன்று, இன்னொன்று, உச்சியில் ஒன்று. இழுத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

தபாலம்மா அந்த எழுத்தைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு காணாமல் போனது. எத்தனை வருஷம் எத்தனை பேர் கிறுக்கின விலாசங்களைப் படித்துப் படித்துக் காய்ந்த கண்! ஒரு எழுத்து காலிலிருந்து தலைக்கு ஏறுவதை அந்தக் கண் இதுவரை பார்த்ததே கிடையாது. அவள் வாயை அவளாலேயே கட்டுப்படுத்த முடியவில்லை.

“ஹெட்டா!” என்று கத்திவிட்டாள்.

கத்தின மறு நொடியே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கழுத்துவரை சிவந்துபோயிற்று. டிரைவரம்மா அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு அவளுக்குப் புரிந்தது. இது தெரிந்த வார்த்தை. கை வரவில்லை என்கிறாள். வந்த நாளிலிருந்து இந்த அம்மாள் வாயிலிருந்து விழுந்த முதல் நிஜமான வார்த்தை! டிரைவரம்மா குபீரென்று சிரித்தாள். “ஹெட்டா! ஆமா சம்பந்தி, ஹெட்டாதான்! சுத்த ஹெட்டா!” என்று நெஞ்சில் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

தபாலம்மாவின் கை மெல்ல வாயை விட்டு இறங்கியது. அப்புறம் நடந்ததை டெர்மினஸே வேடிக்கை பார்த்தது. அந்தச் சின்ன உருவம் முன்னால் வந்து டிரைவரம்மாவின் விரலை லபக்கென்று பிடித்தது. தகட்டில் வைத்து, முதலில் உச்சியில் சாய்ந்த கோடு. பிறகு படுக்கைக் கோடு. அதற்குக் கீழே கொஞ்சம் நீளமாக இன்னொன்று. கடைசியில்தான் நெடுங்கோடு, மேலிருந்து கீழே இறங்கி, அடியில் கொக்கி. மறுபடி போடச் சொன்னாள். டிரைவரம்மா பழக்கதோஷத்தில் கீழேயிருந்து கிளம்பினாள். தபாலம்மா அவள் புறங்கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். காக்கிச் சட்டை போட்ட பெண்பிள்ளையைப் பட்டப்பகலில் அடித்துவிட்டாள்! பக்கத்து வண்டி டிரைவர் ஸ்டியரிங்கில் விழுந்து விழுந்து சிரித்தார்.

திட்டினாள் பாருங்கள், மடை திறந்த மாதிரி. ஜப்பான் பாஷையில் அவ்வளவு வேகமாகத் திட்ட முடியும் என்று டிரைவரம்மாவுக்கு அதுவரை தெரியாது. எழுத்தைக் காட்டித் திட்டினாள், விரலைக் காட்டித் திட்டினாள். திட்டிக்கொண்டே வந்த குரல் எங்கோ ஓர் இடத்தில் இடறியது. அதன் பிறகு அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. பேச்சு வேறெதற்கோ திரும்பிவிட்டது. ‘டெகாமி’ என்று ஒருமுறை காதில் விழுந்தது, மறுபடி விழுந்தது. வெறும் கையை விரித்துக் காட்டினாள். கண் நிறைந்துவிட்டது.

டீ கிளாஸ்களோடு திரும்பி வந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள்.

“அத்தை... அம்மா உங்களை ஹெட்டான்னு சொன்னாங்களா?”

“சொன்னது மட்டுமா? அடியும் குடுத்தாங்க.”

“வெளியாளுக்கு அம்மா அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. என்னை மட்டும்தான் சொல்லுவாங்க.” பெண் டீ கிளாஸ்களைப் பஸ் படியில் வைத்தாள். “யாருக்கும் சொல்ல மாட்டாங்க அத்தை!”

“அது கிடக்கட்டும் கண்ணு. இப்ப என்ன சொல்லி அழறாங்க? டெகாமி, டெகாமின்னாங்களே. சுருக்காம சொல்லு.”

பெண் அம்மாவிடம் கேட்டாள், கேட்டுக் கேட்டுச் சொன்னாள். அவளுக்கும் இது புதுசுதான் என்பது முகத்தில் தெரிந்தது. “காலம் முழுக்க ஊராரோட கடிதத்தையெல்லாம் வாங்கி அனுப்பினேன். என் பொண்ணு எனக்கு ஒண்ணுகூட எழுதினது இல்லை. போன்ல சிரிச்ச முகமா படம் அனுப்புவா. போன வருஷம் ஜுரத்துல படுத்திருந்தப்பவும் சிரிச்ச படம்தான் வந்தது. இங்க வந்து பார்த்தா நீங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டே இருக்கீங்க, நானும் சிரிச்சுக்கிட்டே இருக்கேன். நாளைக்கு இவளுக்கு ஒரு கஷ்டம்னா, உண்மையை எனக்கு யாரு எழுதுவாங்க? அதான் வேண்டாம்னு நினைச்சேன்னு சொல்றாங்க.”

டிரைவரம்மா தபாலம்மாவைப் பார்த்தாள். இவ்வளவுதானா! இந்தப் பயம் தனக்கு மட்டும் இல்லையா என்ன? ‘சாப்பிட்டேன், தூங்கப் போறேன்’ என்று சொல்லும் மகனைப் பெற்றவள்தானே இவளும்? தபாலம்மாவின் தோளைப் பிடித்தாள்.

“டெகாமி, வதஷி” என்றாள், தன் நெஞ்சைக் குத்திக் காட்டி. பிறகு பெண்ணிடம் திரும்பி, “சொல்லு. மாசா மாசம் நான் உங்க ரெண்டு பேர் இருக்கற ஊருக்கு வந்து என் கண்ணால பார்த்துட்டு அவங்களுக்கு எழுதுவேன். நீ நல்லா இருந்தா ஜோஸு. நல்லா இல்லைன்னா ஹெட்டா. என் பையன் ஏதாவது கோணல் பண்ணினா ஹெட்டா ஹெட்டா ஹெட்டான்னு பக்கம் முழுக்க எழுதுவேன். பெத்த பிள்ளைன்னு பார்க்க மாட்டேன்.”

“அத்தை, ஜோஸுவுக்கு மேல்ங்கற எழுத்து வேணும், ஹெட்டாவுக்குக் கீழ்ங்கற எழுத்து வேணும். உங்களுக்குக் கை மட்டும்தானே தெரியும்?”

“அப்ப இன்னும் ரெண்டு எழுத்து கத்துக்கறேன். என்ன குடி முழுகிப் போச்சு? கிட்டெயை மட்டும் அவங்க அங்கேயிருந்து அனுப்பட்டும்.”

கிட்டெ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தபாலம்மா கண்ணீரோடு நிமிர்ந்தாள். கையை வேகமாக ஆட்டி ஏதோ சொன்னாள். பெண் அழுதுகொண்டே சிரித்தாள். ஒரு நாட்டு ஸ்டாம்பை இன்னொரு நாட்டில் ஒட்டக் கூடாதாம், செல்லாதாம், போஸ்ட் ஆபீஸ் ஆள் அந்த மாதிரித் தப்புக்கு உடந்தையாக இருக்க முடியாதாம்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். தபாலம்மா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். திரும்பி வரும் வழியெல்லாம் டிரைவரம்மாவுக்கு அவள் ஞாபகம்தான். கண்ணாடியில் பார்க்கிறாள், அந்த அம்மாள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வருகிறாள். மார்க்கெட் தெருவில் அந்தக் கார் இன்னும் நின்றது. டிரைவரம்மாவுக்குத் திட்டக்கூடத் தோன்றவில்லை.

டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தபோது பெட்டிகள் கட்டித் தயாராக நின்றன. எல்லோரும் முன்னறையில் கூடியிருந்தார்கள். தச்சர் பட்டறையிலிருந்து மரத்தூளோடு வந்து நின்றார், நாத்தனார் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தாள். பையன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். தபாலம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள். நேராக டிரைவரம்மாவின் முன்னால் வந்து நின்றாள். பையன் அவசரமாக நடுவே வந்து வாயைத் திறந்தான். டிரைவரம்மா சிக்னலில் வண்டியை மறிக்கிற மாதிரி கையை நீட்டினாள். பையன் நின்ற இடத்திலேயே நின்றான்.

தபாலம்மா சொல்ல வேண்டியதை யோசித்துப் பொறுக்கி, இவளுக்குப் புரியும்படி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். “கெக்கொன்,” என்றாள். பெண்ணையும் பையனையும் காட்டினாள். இரண்டு சுட்டுவிரல்களைச் சேர்த்து வைத்தாள். அப்புறம் தன்னைக் காட்டி, “டெட்சுதாய்மஸ்” என்றாள்.

கெக்கொன் என்ற வார்த்தையில் கை என்ற எழுத்து இல்லை. அதை யாரும் டிரைவரம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. ஆனால் சேர்ந்து நின்ற இரண்டு விரலுக்கு எந்த அகராதி வேண்டும்? மற்றது அவளுடைய சொந்தச் சொத்து.

“என்ன அண்ணி, என்ன சொல்றாங்க?” என்று நாத்தனார் படியிலிருந்து எழுந்தே விட்டாள்.

“கல்யாணமாம்!” என்று டிரைவரம்மா போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. “கல்யாண வேலைக்கு அவங்களும் கைகொடுக்கறாங்களாம்! எனக்கே புரிஞ்சுதுடி, எவனும் சொல்லாம எனக்கே புரிஞ்சுது!”

பையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தச்சர், அதிசயம்தான், “அடி சக்கை” என்றார். பெண் வாய்விட்டுத் தேம்பினாள். தபாலம்மா அவள் பக்கம் திரும்பிக் கடுமையாக ஏதோ சொன்னாள். பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

“இப்ப என்னவாம்?”

“அடுத்தவங்க வீட்ல நின்னு இப்படி அழாதேன்னு சொல்றாங்க அத்தை.”

“அடுத்தவங்க வீடா?” டிரைவரம்மாவின் குரல் எகிறியது. “யாரு வீடு அடுத்தவங்க வீடு? டேய், சொல்லுடா அவங்ககிட்ட!” பையன் எழுந்திருக்கப் பார்த்தான். “வேண்டாம், நீ உக்காரு. நானே சொல்லிக்கறேன்.”

அவள் தபாலம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். லீவுக்கு வந்தா இது உங்க பொண்ணோட ரூம், இந்த அலமாரி அவளுக்கு, இந்த ஜன்னலைத் திறந்தா என் பஸ் வளைவுல திரும்பறது தெரியும், நீங்க வந்தா இந்தக் கட்டில்லதான் படுக்கணும், ஹோட்டல் கீட்டல்னு போனீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும் என்று ஒவ்வோர் அறையாகக் காட்டித் தமிழிலேயே பேசினாள், அவ்வளவும் தமிழிலேயே. தபாலம்மா அலமாரியைத் திறந்து பார்த்தாள், ஜன்னலைத் திறந்து வளைவைப் பார்த்தாள், கடைசியில் கட்டிலில் போய் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் நன்றாகச் சாய்த்துக்கொண்டு, காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள்.